திங்கட்கிழமைக் காற்று

டீச்சர்,

இன்று காலை டயருக்குக் காற்றடிக்கிற உங்கள் மெஷினை முதன்முறையாக நானே எடுத்தேன். ஒயரைக் காருக்குள் சொருகியதும் அந்தச் சின்னத் திரையில் முப்பத்தொன்று என்று வந்து நின்றது. நீங்கள் கடைசியாக வைத்துவிட்டுப் போன எண். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பொத்தானை அழுத்தினேன். சட்னி அரைக்கிற மாதிரி அதே இரைச்சல், கொஞ்ச நேரத்தில் சூடான ரப்பர் வாசனை. ரப்பர் வாசனைக்கெல்லாம் எனக்கு அழுகை வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவர்களை ஒரு வழி பண்ணியிருப்பேன். வந்துவிட்டது டீச்சர்.

ஒரே பள்ளியில் நீங்கள் கணக்கு, நான் தமிழ். பிள்ளைகள் முன்னால் மரியாதைக்காக 'டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கியவர்கள், அப்படியே நின்றுவிட்டோம். எத்தனை நெருங்கியும் 'நீ, வா, போ' நமக்குள் வரவே இல்லை. இரண்டு பேருக்கும் வீடு கேத்தியில், பள்ளிக்கூடம் மஞ்சூர் பக்கத்தில். பஸ்ஸுக்குக் காத்துக் காத்தே பாதி ஆயுசு போகிறது என்று புலம்பி, கடைசியில் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். உங்களையும் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னேன். ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர் போதும் என்றீர்கள். அன்றிலிருந்து இடதுபக்க முன்சீட் உங்களுடையது.

நான் ஓட்டுகிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததல்ல. கேரட் மூட்டை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போக எனக்குப் பொறுமை கிடையாது. காத்தாடிமட்டம் தாண்டினால் வருகிற வளைவுகளில் என் வீட்டுக்காரர் மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுவார். நீங்களோ சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தின நாள் வைத்த கொள்ளுப் பருப்பில் உப்பு கூடிப்போன கதையைச் சொல்லிக்கொண்டு வருவீர்கள். உங்களைப் போல உட்கார்ந்து வர ஆள் கிடையாது என்று நான் எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன்.

மெஷின் வந்தது அந்த ஆணியால். கேரட் பெட்டியிலிருந்து விழுந்ததாக இருக்கும், பின் டயரில் ஏறி மெல்ல மெல்லக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தது. மூடுபனிக்குள் வண்டி ஒரு பக்கமாக இழுத்ததும்தான் எனக்கு உறைத்தது. ஒரு ஜீப்காரர் இரக்கப்பட்டு வந்து டயரை மாற்றிக் கொடுத்தார். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பீரியடு முடிந்திருந்தது. நான் ஆணியை, பெட்டியை, லாரியை, நகராட்சியை எல்லாம் திட்டித் தீர்த்தேன். நீங்களோ அடுத்த வாரம் ஒரு பொட்டலத்தோடு வந்தீர்கள். தேவையான எண்ணை வைத்துப் பொத்தானை அமுக்கினால் அந்த அளவுக்குக் காற்றடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும் என்றீர்கள். பெட்ரோல் பங்குக்குப் போனால் சும்மா அடித்துத் தருவதை விலை கொடுத்து வாங்குவானேன் என்று நான் கேலி செய்தேன்.

"நீங்க ஓட்டுங்க டீச்சர். காத்தை நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அவ்வளவுதான் நம் ஒப்பந்தம்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் புறப்படும் முன்னால், உங்கள் வீட்டு வாசலில், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். உங்களுக்கு முழங்கால் மடங்காது. அதனால் குளியலறை முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் போட்டு, மாட்டில் பால் கறக்க உட்காருவது போல உட்காருவீர்கள். பனிக்குல்லா, சால்வை, அதற்குக் கீழே பட்டுக்கரை போட்ட சேலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்ப்பதை நீங்கள் கண்டுகொண்டதே இல்லை. கதவோரத்தில் கம்பெனி ஒட்டியிருந்த காற்று அளவுத் தாளில் முப்பது என்று போட்டிருந்தது. நீங்கள் முப்பத்தொன்று வைத்தீர்கள். கணக்கு டீச்சருக்கு முப்பதுகூடத் தெரியாதா என்று வம்பிழுத்தேன். "குழாயைக் கழட்டறப்ப புஸ்ஸுன்னு கொஞ்சம் போயிருமுங்க. போறதுக்கும் சேத்தித்தான் வெக்கோணும்" என்றீர்கள்.

மேட்டுப்பாளையம் கல்யாணம் நினைவிருக்கிறதா? சக ஆசிரியர் மகள் கல்யாணத்துக்கு மலையிறங்கிப் போனோம். மண்டபத்து வாசலில் இறங்கியதும் நீங்கள் சும்மா இராமல் மெஷினை மாட்டிப் பார்த்தீர்கள். முப்பத்தாறு காட்டியது. யாரோ நம் வண்டியில் காற்றை ஏற்றிவிட்டார்கள் என்கிற மாதிரி இருவரும் பதறிப்போய், பட்டுச் சேலையோடு குனிந்து, நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு முப்பத்தொன்றுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் தாலிகட்டுப் பார்க்கப் போனோம். மறுநாள் திங்கட்கிழமை. விடியற்காலைக் குளிரில், உங்கள் வாசலில், நான்கிலும் இருபத்தாறு. மெஷின் போலி, ஏமாந்துவிட்டீர்கள் என்று நான் குதித்தேன். நீங்களும் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பொட்டலம் கட்டிவிட்டீர்கள். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது அறிவியல் சார் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கிய வண்டியில், வெயிலில், டயர் கொதிக்கும்போது அளந்திருக்கிறீர்கள், சூடானால் காற்று விரியும் என்று அடுத்த வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிப்பது உங்கள் காதில் விழுவதே இல்லையா என்றார். அன்று மாலை பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "நம்ம படிச்சதெல்லாம் பசங்களுக்குத்தானுங்க, நமக்கில்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். வளைவு வளைவாக அந்தச் சிரிப்பு நம்மோடு வந்தது. இப்போதும் காருக்குள் தனியாக இருக்கும்போது அந்தச் சிரிப்புக்காகக் காது கொடுக்கிறேன். இஞ்சின் சத்தம்தான் கேட்கிறது.

உங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததையெல்லாம் மெஷின் ஓடும்போதுதான் சொல்வீர்கள். மகன் வெளிநாட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னதும், உங்கள் வீட்டுக்காரர் போன நாளின் நினைவும் அந்த இரைச்சலுக்குள்தான் வந்தன. பாதி எனக்குக் கேட்கும், பாதி கேட்காது. திருப்பிக் கேட்டால் சொல்ல மாட்டீர்கள். அப்படித்தான் ஒரு திங்கட்கிழமையும் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தபடி, டயரைப் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் ஹாரனைச் சோதித்துக்கொண்டிருந்தேன் என்று நினைவு. எண் வந்ததும் மெஷின் டப்பென்று நின்றது. அந்த நிசப்தத்தில் உங்கள் வாக்கியத்தின் கடைசிப் பகுதி மட்டும் சத்தமாக வெளியே வந்து விழுந்தது.

"...ஆபரேஷன் வேண்டாமுன்னு டாக்டர்கிட்ட சொல்லிப்போட்டேனுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீங்கள் குழாயைக் கழற்றினீர்கள், புஸ்ஸென்றது. மூடியைத் திருகினீர்கள். முக்காலியை எடுத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனீர்கள். நான் வழி முழுக்க உங்களோடு சண்டை போட்டேன். கோயம்புத்தூருக்கு இழுத்துக்கொண்டும் போனேன். தாமதமாகிவிட்டது என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள். கார்த்திகை வரை திங்கட்கிழமைகள் நடந்தன. தை மாதம் உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது கேத்தி முழுக்க வெயில் அடித்தது. அந்த வெயிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மெஷினையும் முக்காலியையும் உங்கள் மகன் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான். முக்காலியை டிக்கியில் போட்டு, மெஷினை உங்கள் சீட்டில் வைத்தேன். வளைவில் உருண்டு பிரேக்குக்குக் கீழே போய்விடக் கூடாது என்று பெல்ட்டையும் மாட்டினேன். காற்றை ஒர்க் ஷாப்பில் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைத் தொடவில்லை.

ஆனியில் உங்கள் இடத்துக்குப் புது கணக்கு டீச்சர் வந்தார். பொள்ளாச்சிப் பக்கம். சின்ன வயது, சின்ன உருவம். பாலாடாவில் அறை எடுத்திருக்கிறார். தினமும் நான் போகிற வழியில், பஸ் ஸ்டாப்பில், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். தலையசைப்பார். நானும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவேன். போகிற வழிதானே, கூட்டிக்கொண்டு வரக் கூடாதா என்று தலைமையாசிரியை இரண்டொரு முறை கேட்டார். வழியில் எனக்கு வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை? உங்கள் சீட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்கிற வேலைதான். அந்தப் பெண் மழையில் நிற்பதைப் பார்த்தும் என் கால் பிரேக்கைத் தேடவில்லை. அங்கே வேறொருவர் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் உண்மையிலேயே போய்விட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

இன்று பாலாடாவை நெருங்கும்போது வண்டி இடதுபக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் டயர் சப்பிக் கிடக்கிறது. நின்ற இடம், வேறெங்கே, அந்த பஸ் ஸ்டாப்புக்கு நேர் முன்னால். வேறு வழியில்லாமல் பெல்ட்டைக் கழற்றி மெஷினை எடுத்தேன். டிக்கியில் உங்கள் முக்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து குழாயை மாட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் என் தலைக்கு மேல் தூறல் நின்றது. அண்ணாந்து பார்த்தால் அந்தப் பெண் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார், தான் நனைந்துகொண்டு.

பஸ் வந்தது. கண்டக்டர் அவரைக் கூப்பிட்டார். ஏறிக்கொள்ளுங்கள் என்று நான் கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். "நீங்க நனைஞ்சிருவீங்க" என்று சொல்லிவிட்டு அவர் அசையவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்தால் முதல் பீரியடு போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மெஷின் நின்றது. அதை டிக்கியில் வைத்துவிட்டு, "ஏறுங்க" என்றேன்.

ஏறினார். முழங்காலை நீட்டிக்கொள்வதற்காக நீங்கள் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருந்தீர்கள் அல்லவா, அதில் அவர் தொலைந்தே போனார். "கொஞ்சம் முன்னாடி நகத்திக்கட்டுங்களா?" என்று கேட்டார். முடியாது என்று எப்படிச் சொல்வது? ம் என்றேன். அடியில் கைவிட்டு இழுத்தார். சீட் தடக்கென்று முன்னால் வந்தது. அந்தச் சத்தம் எனக்கு எங்கேயோ வலித்தது. அந்த ஆத்திரத்தை எல்லாம் ஆக்சிலேட்டரில் காட்டினேன்.

பள்ளி வாசலில் இறங்கும்போது அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. நன்றி சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க. நாளையிலிருந்து நான் பஸ்லயே வந்துக்கறேனுங்க. அந்தப் பக்கம் பாத்தா ரோடே தெரியலீங்க" என்றார்.

யாருக்கும் தர மாட்டேன் என்று இத்தனை மாதம் நான் காத்துவைத்த சீட்டை, டீச்சர், ஒரே நாளில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறது அந்தப் பெண். முதலில் கோபம்தான் வந்தது. மதியம் சாப்பிடும்போது, ரோடே தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று யோசனை வந்தது. பாடம் நடத்தவும் ஓடவில்லை.

மாலையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு தனியாகத் திரும்பினேன். காத்தாடிமட்டத்துக்கு முன்னாலுள்ள அந்தப் பெரிய வளைவில், வண்டியைத் திருப்பிக் காலையில் போகிற பக்கமாகவே ஓரத்தில் நிறுத்தினேன். என் பக்கத்திலிருந்து உள்ளேயே நகர்ந்து உங்கள் சீட்டில் உட்கார்ந்தேன். என் சொந்தக் காரில் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. சீட்டைப் பின்னால் தள்ளி, நீங்கள் உட்காருவது போலச் சாய்ந்து, கண்ணாடி வழியே இடதுபக்கம் பார்த்தேன்.

ரோடு இல்லை. தடுப்புச் சுவர் இல்லை. ஒரு முழ மண்கூட இல்லை. கதவுக்குக் கீழே தேயிலைச் சரிவு நேராக இறங்கி, அடியில் ஒரு ஓட்டு வீடு தீப்பெட்டி போலத் தெரிந்தது. நிற்கிற வண்டியிலேயே மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸை முந்திக்கொண்டு நான் இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நீங்கள் இங்கேதான் உட்கார்ந்து, பருப்பில் உப்பு கூடிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

'மெதுவா' என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. வண்டி என்னுடையது, கோபம் என்னுடையது, சொன்னால் என் முகம் வாடும் என்று நினைத்திருப்பீர்கள். அதற்குப் பதிலாகத்தான் அந்த மெஷினை வாங்கினீர்கள். என் வேகத்தை விட்டுவிட்டு, உங்களால் முடிந்ததைப் பிடித்துக்கொண்டீர்கள். குளிரில், மடங்காத முழங்காலோடு, திங்கள்தோறும் நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கணக்கு டீச்சரின் அதிகப்படிச் சிரத்தை என்று நான் கேலி செய்துகொண்டிருந்தது உங்கள் பயத்தை.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நாளைக் காலை பாலாடாவில் நிறுத்தி, மெதுவாகத்தான் போவேன், வாருங்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கப் போகிறேன். வருகிறாரோ இல்லையோ, அந்த வளைவில் இனி என் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் டீச்சர். முகம் வாடியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருப்பேன். ஆனால் உங்களுக்காக மெதுவாகப் போயிருப்பேன்.