கொக்கை எங்கே நிறுத்துவது?

மார்ச் 2, சனி

பூஜ்யத்துக்கு நான்கு. தொடர்ந்து ஒன்பதாவது தோல்வி.

நான்காவது கோல் விழுந்தபோது நம் ஊர்க் கால்பந்து அணியின் கோல்கீப்பர் இடுப்பில் கைவைத்துப் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், பேருந்தைத் தவறவிட்டவன் மாதிரி. சலூன் பெஞ்சில் அவனுக்குத் 'தூண்' என்று பெயர். எனக்குப் பட்டப்பெயர்கள் பிடிக்காது. ஆனால் இது பொருத்தம்.

பயிற்சியாளர் என் மாப்பிள்ளை. மகளும் அவரும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். ஐந்து வருடமாக அவரிடம் நான் பேசுவது அநேகமாக அந்த ஒரு வாக்கியம்தான். மாமியார் மாப்பிள்ளைக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க முடியுமா?

மார்ச் 4, திங்கள்

சலூன். மகளிடம் நூலகம் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். உள்ளே கால் வைப்பதில்லை. வெளியே பெஞ்சோடு சரி. அதில் சுவரோரத்து இடம் என் கணவருடையது. இருபத்தாறு வருடம் அங்கே உட்கார்ந்து ஆட்டத்தை அலசினார். அவர் போன மறுமாதம் அந்த இடத்தில் தபால்காரர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து நான் உட்காருகிறேன்.

"கொக்கை முன்னாடி போடுறதுதான்மா தப்பு. ஆறடி மூணு அங்குலம் இருந்து என்ன பிரயோஜனம்? பந்து வந்தா குனியுறான். சீவின தலை கலைஞ்சிடுமாம்!" என்றார் சலூன்காரர். கொக்கு, எங்கள் முன்வரிசை ஆட்டக்காரனுக்குப் பெஞ்சு வைத்த பெயர். நாற்காலியில் இருந்தவருக்குப் பாதித் தலைதான் ஆகியிருந்தது.

"கொக்கு என்ன பண்ணுவான்? பின்னாடியிருந்து பந்து வந்தாத்தானே. கேப்டனைத் தூக்கணும்" என்றார் தபால்காரர்.

"தாராளமா தூக்குங்க" என்றது பாதித் தலை. "கேப்டன் என் மச்சான். அதனாலதான் சொல்றேன்."

பிறகு யாரோ, "கோச்சை மாத்தினா எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் தபால்காரர்.

"உறவு வேறு, ஆட்டம் வேறு" என்றேன். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

கிளப் செயலாளருக்கு மனு. நான் சொல்லச் சொல்லத் தபால்காரர் எழுதினார். பயிற்சியாளரை உடனடியாக நீக்க வேண்டும். 'உடனடியாக' என்பதை அடிக்கோடிடச் சொன்னேன். அதுவும் அளவுகோல் வைத்து. கீழே, 'உண்மையான ரசிகர்கள்'.

மார்ச் 6, புதன்

மாப்பிள்ளையின் முடி காதை மூடிவிட்டது. ஊரில் இருப்பது ஒரே சலூன், அதன் வாசலில் நாங்கள். பாவம்.

மார்ச் 7, வியாழன்

மகள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "யாரோ மனு கொடுத்திருக்காங்கம்மா. பதினாறாம் தேதி ஆட்டமும் தோத்தா இவரை எடுத்துடுவாங்களாம். மலைப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வேலை இருக்கு. போயிடலாம்ங்கிறார்."

"போயிடலாம்னா, நீயுமா?"

"பின்ன? நீயும் வந்துடும்மா."

இந்த வயதில் மாப்பிள்ளை வீட்டில் போய் ஒட்டிக்கொள்வேனா? இங்கே அவர்கள் இருப்பது என் வீட்டில். அது வேறு. ஆனால் அவர்கள் போய்விட்டால் இந்த நான்கு அறைகளில் நான் யாரைத் திருத்துவது?

"யாருடி எழுதினது?" என்று கேட்டேன். வாய் கூசாமல் கேட்டேனே! கான்வென்டில் சிஸ்டர் இதைக் கேட்டிருந்தால் மதியம்வரை முட்டி போட வைத்திருப்பார்.

"எந்தப் படுபாவியோ. 'உடனடியாக'ன்னு அடிக்கோடு வேற."

மார்ச் 8, வெள்ளி

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்தார். "அத்தை, உங்க எழுத்து நல்லா இருக்கும். மனுவுக்குப் பதில் எழுதிச் சலூன் வாசல்ல ஒட்டணும்னு செயலாளர் சொல்லிட்டார். எனக்கு எழுத வராது. கொஞ்சம்…"

ஆக, என் மனுவுக்கு நானே பதில்.

மூன்று பக்கம் எழுதினேன். மனு எழுதியவரின் அவசர புத்தியைக் கண்டித்தேன். அடிக்கோட்டைத் தனியாகக் கண்டித்தேன். ஆனால் பதிலால் ஆட்டம் ஜெயிக்குமா? பதிவேட்டை எடுத்தேன் — ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவன் செய்த தவறையும் நான் குறித்து வைக்கும் நோட்டு. கொக்கு பதினோரு ஆட்டங்களில் ஏழு முறை பந்தைக் கையால் தொட்டிருக்கிறான். கால் வராமல் கைதான் வருகிறதென்றால், கை வைக்க அனுமதியுள்ள இடத்தில் அவனை நிறுத்த வேண்டியதுதானே?

மூன்றாம் பக்கத்தின் அடியில் சேர்த்தேன்: ரசிகர்களின் கருத்தை மதித்து, வரும் ஆட்டத்தில் கொக்கு கோல்கீப்பர், தூண் முன்வரிசை. (கடிதத்தில் முழுப்பெயர்கள்தான்.)

மாப்பிள்ளை முதல் பக்கம் படித்தார். "பிரமாதம் அத்தை!" என்று மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரை நான் என்ன செய்ய?

மார்ச் 9, சனி. ஆட்டம் இல்லை

சலூன் வாசலில் கூட்டம். தபால்காரர் உரக்கப் படித்தார்.

"தூண் முன்னாடியா! மனுஷனுக்கு மூளை கலங்கிடுச்சு."

"எந்த அறிவாளி கொடுத்த யோசனை இது?"

"ஆனா தமிழ் நல்லா இருக்குல்ல?" என்றது பாதித் தலை. மீதிப் பாதி வெட்ட இன்றுதான் வந்திருந்தார். இத்தனை நாள் தொப்பியோடு அலைந்தாராம்.

"நம்மளை அவசர புத்தின்னு சொல்றாரும்மா. சூடா ஒரு பதில் கொடுங்க" என்றார் சலூன்காரர்.

கொடுத்தேன். வேறு வழி? என்மேல் நானே கோபப்பட்டு எழுதியது, சொன்னால் நம்பமாட்டார்கள், முந்தைய இரண்டையும்விட நன்றாக வந்தது.

மாலையில் மாப்பிள்ளை முகம் சிவந்து வந்தார். "கொக்கைக் கோல்ல நிறுத்துறேன்னு நான் எப்ப அத்தை சொன்னேன்?"

"கையெழுத்து உங்களுடையதுதானே மாப்பிள்ளை."

 

மார்ச் 13, புதன்

போட்ட கையெழுத்திலிருந்து பின்வாங்க மாட்டாராம். பிடிவாதம். முதன்முறையாக அவரை எனக்குப் பிடித்தது.

மார்ச் 16, சனி

இரண்டு முறை வீட்டைப் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

கொக்கு பாய்ந்தான்! தலை கலைந்தது, சேறு அப்பியது, அவனுக்கு அக்கறையே இல்லை. ஆறு பந்துகளைப் பிடித்தான். தூண் எதிரணி கோல் வாசலில் போய் நின்றான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான். எழுபதாவது நிமிடம் கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்து தூணின் முதுகில் பட்டு உள்ளே போயிற்று. எல்லோரும் அவன்மேல் விழுந்து கட்டிக்கொண்டபோது, "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்டானாம்.

ஒன்றுக்குப் பூஜ்யம்!

தபால்காரர் என் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். மன்னித்தேன்.

மார்ச் 20, புதன்

மலைப்பள்ளிக்கு, 'வர இயலாமைக்கு வருந்துகிறேன்' என்று கடிதம் போயிற்று. எழுதியது நான். இந்த முறை மாப்பிள்ளை கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 22, வெள்ளி

மாப்பிள்ளை முடிவெட்டிக்கொண்டு வந்தார். காது தெரிகிறது. சலூனில் ஒரு மணி நேரம் ஆயிற்றாம். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு கத்தரி பிடித்ததாகச் சரித்திரம் இல்லை.

"பெஞ்சுல சுவரோரம் நல்லா காத்து வருது அத்தை" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

சாப்பாட்டு மேசையில் நாளைய அணிப் பட்டியல். பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனா, மூடி கழற்றி.

எட்டுத் தவறுகள் கண்ணில் பட்டன. மூன்றை மட்டும் திருத்தினேன். மாப்பிள்ளை அல்லவா.