மறுவீடு போன மேடம்

இயேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
ஆகஸ்ட் 10

அன்பு மகள் விஜிலாவுக்கு,

உறையின் மேல் மடத்தில் உனக்கு வைத்த பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். தபால் வந்து சேர வேண்டுமே. உள்ளே எழுதியிருப்பது நான் வைத்த பெயர். வருகிற கடிதங்களை மதர் முதலில் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய். படிக்கட்டும். அவர்களுக்கும் என் தோத்திரம்.

நான் சுகம். அப்பாவும் கப்பலில் சுகம். ஆப்பிரிக்கா பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்களாம். மாதா திருவிழா நல்லபடியாக முடிந்தது. சப்பரம் நம் தெரு முனைக்கு வரும்போது நல்ல கூட்டம். இப்போது கடைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மழை இல்லை, புழுக்கம்தான்.

உன் கடிதம் கிடைத்து நாளாயிற்று. மாதா பிறந்த நாளன்று நித்திய வார்த்தைப்பாடு, அத்தோடு ஆயுளுக்கும் மடம்தான், நீ வருவாயா அம்மா, உன் ஆசீர்வாதம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். அப்பா நடுக்கடலில் இருந்தே சரி என்று சொல்லிவிட்டார். நான் பதில் போடவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். இங்கே நடந்ததை முதலில் சொல்லாவிட்டால் என் பேனா அந்த வரிக்குப் போகாது.

எங்கள் பொம்மைக் குழுவைப் பற்றி முன்பு இரண்டு வரி எழுதினேன், நினைவிருக்கிறதா? நீ மடத்துக்குப் போன பிறகு உன் கண்ணாடி அலமாரியை அப்படியே வைத்திருந்தேன். கியாஸ் புக் கேட்க வந்த எதிர்வீட்டு பேச்சிச்செல்வி அதைப் பார்த்துவிட்டு அசந்து நின்றுவிட்டாள். அப்பா ஒவ்வொரு கப்பலிலும் உனக்கு வாங்கி வந்த பொம்மைகள். ஊரில் எல்லாவற்றையும் பார்பி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். அவள் வீட்டிலும் இரண்டு வைத்திருந்தாள், பெட்டி பிரிக்காமல். அப்படி ஆரம்பித்தது. இந்த ஊரில் கப்பலுக்குப் போகிறவர்கள் வீடு எத்தனை, பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு அலமாரியில் நிற்கிற பொம்மைகள் எத்தனை. ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்துவிட்டோம். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் பேச்சிச்செல்வி வீட்டு மாடியில் கூடுவோம். மக்ரூன், டீ, பேச்சு. உன் சித்தி கேட்டுவிட்டுச் சிரித்தாள், இந்த வயசுல சொப்பு வெளையாட்டா யக்கா என்று. சிரிக்கட்டும். ஜெபமாலை சொல்லி, சமைத்து, வீட்டுக் கணக்கு எழுதி முடித்த பிறகும் ஒரு நாளில் நிறைய நேரம் மிச்சம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மூன்று பிள்ளைகளும் இதே ஊரில்.

விளையாட்டு என்று நினைக்காதே. எங்களுக்கு விதிகள் உண்டு. வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டுத்தான் பொம்மையைத் தொட வேண்டும், முடியில் சிக்கிக்கொள்ளும். இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், தலையைப் பிடிக்கக் கூடாது. நம் ஊர் உப்புக் காற்றுக்குக் கம்மல் களிம்பேறி பொம்மையின் காது பச்சையாகிவிடும், அதனால் கம்மலைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். தையல் நானே போனைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரு சாண் துணியில் மடிப்பு வைத்த பாவாடை தைப்பேன். குழுக் கணக்கும் என் கையில்தான் இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மறுவீடு. ஒருத்தி வீட்டுப் பொம்மை இன்னொருத்தி வீட்டுக்கு ஒரு மாதம் விருந்துக்குப் போகும். திரும்பி வரும்போது அந்த வீட்டுக்காரி புதுத் துணி தைத்து உடுத்தி அனுப்ப வேண்டும். காது பச்சையாகியிருந்தால் துடைத்து, பழசாகிக் கால் பிசுபிசுத்தால் சோள மாவு தூவி, சின்னச் சின்ன ரிப்பேரும் பார்த்து அனுப்புவது மரியாதை. நம் அலமாரியில் இருந்து எல்லாரும் ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டார்கள். மேடம் மட்டும் போகவில்லை. நான் அனுப்பவில்லை.

மேடத்தை மறந்திருக்க மாட்டாய். அப்பா முதல் கப்பலில் வாங்கி வந்தது. குதிகால் செருப்பு போட்டிருக்கிறாள், எங்க மேடம் மாதிரி என்று எல்கேஜியில் இருந்தபோது நீ வைத்த பெயர். பிறகு ஒருநாள், மீன் செட்டை வெட்டுகிற கத்தரியை எடுத்து அவளுக்கு முடி வெட்டினாய். ஒரு பக்கம் காதுக்கு மேலே, மறுபக்கம் தோள் வரைக்கும், உச்சியில் குச்சி குச்சியாக. ஏன் இப்படிப் பண்ணினாய் என்று கேட்டதற்கு, மேடத்துக்கு வேர்க்குதும்மா என்றாய். அன்று உனக்கு ரெண்டு அடி விழுந்தது. மறுநாளில் இருந்து அவளை அந்தத் தலையோடு பார்த்துப் பார்த்து, வேறு மாதிரி இருந்தால் அவள் மேடமே இல்லை என்று ஆகிவிட்டது.

போன மாதம் பேச்சிச்செல்வியும் ஜெப்ஸியும் சேர்ந்துகொண்டு, இந்தத் தடவை மேடம்தான் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ஜெப்ஸி என்பது நாசரேத்துக்காரி, சிஎஸ்ஐ சபை, இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். குழுவில் அவள்தான் பழைய பொம்மைகளைச் சரிசெய்வதில் கெட்டி. உங்க மேடத்தை நா பத்திரமா பாத்துக்கிடுதேன் அக்கா என்றாள். கொடுத்தேன். தலையைத் தொடாதே என்று தனியாக வேறு சொல்லவா வேண்டும்?

நேற்று மத்தியானம் கூட்டம். நான் மாடிக்குப் போகும்போதே எல்லாரும் ஒரு மாதிரிச் சிரிப்போடு நிற்கிறார்கள். மேசையில் கேக். அதன் மேல் உன் பெயர் எழுதி, வாழ்த்துகள் என்று போட்டிருந்தது. உன் வார்த்தைப்பாட்டு நாளை பேச்சிச்செல்விக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு கைக்குட்டையால் மூடி எதையோ நிறுத்தியிருந்தார்கள். யக்கா நீங்களே எடுங்க, நீங்களே எடுங்க என்று பேச்சிச்செல்வி என்னை முன்னால் தள்ளினாள்.

எடுத்தேன். மேடம் கன்னியாஸ்திரீயாக நின்றாள். காப்பிக்கலர் அங்கி, கறுப்பு முக்காடு, கையில் உதிரி முத்துகளைக் கோத்துச் செய்த ஜெபமாலை. அந்த ஜெபமாலையைச் செய்தவளுக்கு நல்ல கை என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அங்கி தப்பு. தோளில் இருந்து முன்னும் பின்னும் தொங்க வேண்டிய துணியே இல்லை. முக்காட்டின் ஓரத்தில் நீலக்கரை வேறு. போனில் ஏதோ ஒரு மடத்துப் படத்தைப் பார்த்துத் தைத்திருக்கிறாள். சபைக்குச் சபை உடை வேறு என்பதுகூடத் தெரியாமல் ஒரு காரியத்தில் இறங்குவானேன்?

அந்த நீலக்கரையைப் பார்க்கத்தான் முக்காட்டைத் தூக்கினேன், விஜிலா. உள்ளே முடி இல்லை. ஒரு இழைகூட இல்லை. முடி நட்டிருந்த ஓட்டைகள் மட்டும் வரிசை வரிசையாக இருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், சுற்றி நின்று எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

பிறகு நான் பேசியதை எழுதுகிறேன், மதர் மன்னிக்கட்டும். ஏளா ஜெப்ஸி, உங்க ஊர்ல விருந்துக்கு வந்த பிள்ளைக்கு மொட்டையடிச்சுதான் அனுப்புவீங்களா என்றேன். அவள் முகம் செத்துவிட்டது. இல்லக்கா, வெட்டுப்பட்ட முடிதான, குச்சி குச்சியா நின்னு முக்காடு உக்காரவே மாட்டேங்குது, அதான் எடுத்துட்டேன், எப்படியும் முக்காட்டுக்குள்ள யாருக்குத் தெரியப்போவுது என்றாள். யாருக்குத் தெரியப்போவுது. யாரக் கேட்டு எடுத்த, பெத்தவ நா இங்கன உயிரோடதான இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா என்றேன். பேச்சிச்செல்வி குறுக்கே வந்து, யக்கா, பொம்மைதான, விடுங்க என்றாள். பொம்மைதானே என்றால் உன் பேத்தி அழுதாலும் உன் வீட்டுப் பெட்டியைப் பிரிக்க விடமாட்டேன் என்கிறாயே ஏன் என்று அவளையும் கேட்டேன். கேக்கை வெட்டவில்லை. எடுத்த முடி எங்கே என்று கேட்டேன். குப்பை வண்டியில் போட்டுவிட்டாளாம். மேடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். தலையைப் பிடித்துத்தான் தூக்கினேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலமே குழுவின் கணக்கை நேர்செய்து, மீதியோடு பேச்சிச்செல்வி வீட்டு வாசலில் கொடுத்துவிட்டேன். கோபம் வேறு, கணக்கு வேறு. இனி அந்த மாடியை மிதிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

ராத்திரி அப்பா பேசினார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எப்போதும்போல முழுக்கக் கேட்டுவிட்டு, ஏளா, நீ யாருகிட்ட சண்டை போடுத என்றார். ஜெப்ஸியிடம்தான், வேறு யாரிடம் என்றேன். பிறகு சாப்பிட்டியா என்று கேட்டார்.

இன்று காலையில் பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபித்துக்கொண்டேன் சாமி என்றேன். ஒரு பத்து மணி சொல்லச் சொன்னார். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொன்னேன். அடங்கவில்லை. மாதா முன்னால் போய் நின்றேன். அவள் பிள்ளை இயேசுவும் பன்னிரண்டு வயதில் ஒரு வார்த்தை சொல்லாமல் கோவிலில் தங்கிவிட்டவன்தானே. தேடிப் பிடித்ததும் அவளும் சும்மா விடவில்லையே, கோபித்துக்கொண்டாள்தானே. அதனால் அவளிடம் மட்டும் வேறு விதமாகப் பேசினேன். அது எங்களுக்குள் இருக்கட்டும்.

கோவிலில் இருந்து வந்தால் ஜெப்ஸி வாசலில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய ஆராதனையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே வா என்றேன், வாசலில் வைத்துப் பேச நான் அப்படிப்பட்டவள் இல்லை. அக்கா, அதே கலர்ல முடி வரவழைச்சு, ஒவ்வொரு ஓட்டையா நானே நட்டுத் தாரேன், முதல்ல இருந்த மாதிரியே ஆயிரும் என்றாள். அந்த மாதிரியேன்னா, நீளமாவா, கோணலாவா என்று கேட்டேன். நீளமா நட்டுட்டு அப்புறம் கோணலா வெட்டிக்கிடலாம் அக்கா என்றாள். யாரு வெட்டுவா என்று கேட்டேன்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். இன்னும் அவள் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாதுதான், பாவம். அவள் பிள்ளைகள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள்.

மேடம் இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பழைய கவுனைப் போட்டுவிட்டேன். மொட்டைத் தலையோடு இருக்கிறாள். மூடி மறைக்க எனக்கு மனமில்லை. அந்த அங்கியைத் தூக்கி எறியலாம் என்றால் ஜெபமாலை அதோடு இருக்கிறது, எறிய முடியுமா? மடித்து பீடத்தட்டில் வைத்திருக்கிறேன். நீலக்கரையை மட்டும் பிரித்துவிட்டேன். தப்பு தப்புதான்.

உனக்கு மடத்தில் உடை கொடுத்த நாளை நினைத்துக்கொண்டேன். முந்தின ராத்திரி விருந்தினர் அறையில் உன் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டது நான்தான். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல். காலையில் நீ கதவுக்கு அந்தப் பக்கம் போனாய். நாங்கள் கோவிலில் உட்கார்ந்து பாட்டுப் படித்தோம். ஒரு அடியும் விடாமல், எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் படித்தேன். என்ன பக்தி என்று உன் சித்திகூடச் சொன்னாள். பாட்டு முடிந்தபோது நீ முக்காட்டோடு மடத்துக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாய். அன்று யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் யாரிடமும், அந்தப் பின்னல் எங்கே என்றுகூட, ஒன்றும் கேட்கவில்லை.

சரி. நீ கேட்டதற்கு வருகிறேன்.

வருகிறேன் விஜிலா. அப்பா மாதக் கடைசியில் கப்பலில் இருந்து இறங்கிவிடுவார். இரண்டு பேருமாக வருவோம். ரயில் டிக்கெட்டைப் பேச்சிச்செல்வி போனிலேயே போட்டு, தாளையும் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். அவளோடு பேச்சு இல்லை. டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆசீர்வாதம் கேட்டாய். தருகிறேன், அதை என்னிடமே வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன். ஆனால் எனக்கு ஒன்று வேண்டும். மதர் படிக்கிறபோதே தெரிந்துகொள்ளட்டும், நீ தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. பூசைக்கு முன்னால் அந்தக் கம்பி போட்ட பேச்சறைக்கு நீ வரும்போது, ஒரே ஒரு தடவை அந்த முக்காட்டை விலக்க வேண்டும். அப்பாகூட வெளியே நிற்கட்டும். உனக்கு யார் முடி வெட்டுகிறார்கள், எப்படி வெட்டுகிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன். கோணலாக இருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு, நீ சின்னப்பிள்ளையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது போடுவதுபோல நெற்றியில் ஒரு சிலுவை போட்டு, சர்வேசுரன் உன்னோடு இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

கம்பிக்குள் என் கை நுழையும். போன தடவை வந்தபோதே பார்த்து வைத்திருக்கிறேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
பிளாரன்ஸ்