பாதிச் சோறு

சுரபாயாவில் மகள் வீட்டில் இருப்பவளுக்கு,

மதியச் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் டாக்டர். முதல் நாள் நான் சோற்றைத் தொடவே இல்லை. இரண்டு தட்டு நூடுல்ஸும் நாலு வாழைப்பழ பஜ்ஜியும் தின்றுவிட்டு, சாப்பாட்டுக்கடை சர்மியிடம், "இன்னும் சாப்பிடலம்மா" என்றேன். நம் ஊரில் சோறு இறங்காமல் எது சாப்பாடு?

"டிரைவரண்ணே, உங்க வயித்துக்குத்தான் கண்ணு இல்ல, எனக்கு இருக்கு!" என்று சிரித்தாள்.

இப்போது திருந்திவிட்டேன். காலையில் முட்டை. மதியம் கீரை, சோயா டெம்பே வறுவல், அளவாகச் சோறு. மூன்று வாரமாக மத்தியானத்தில் கண் சொருகவே இல்லை.

உண்ட மயக்கத்தில் பஸ்ஸை வயலில் இறக்கிய அந்த நாளைப் பற்றி எழுதப் போவதில்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் யார் என்பதையும் எழுத மாட்டேன். உன் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்களா?

என் சோற்றில் பாதியைத் தினமும் உன் தட்டில்தான் எடுத்து வைக்கிறேன். சாயங்காலம் அது கோழிகளுக்குப் போகிறது. அவை கொழுத்துவிட்டன.

வந்து உன் பங்கை நீயே சாப்பிடு. கை வலித்தால் நான் ஊட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சாப்பிட்ட பிறகும் விழித்திருக்கிறவன்