மெல்லாமல் விழுங்கிய களி

புதூர்நாடு,
செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நெஞ்சடைத்த அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது, அம்மா. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் நலம். நேற்றுப் பள்ளி விடுதியில் களியை இந்த ஊர்க்காரர்களைப் போல மெல்லாமல் உருட்டி விழுங்கினேன். நெஞ்சில் ஏதோ அடைத்து நின்றது.

"குடலு ஏறிக்கிச்சு டீச்சர். குப்புறப் படுங்க, தட்டி வுடறேன்" என்றார் சமையல்கார சாந்தம்மாள். நான் மறுத்து, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் ஜீப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து ஆலங்காயம் போனேன். இசிஜி எடுத்தார்கள். இதயத்தில் கோளாறில்லை, வயிற்று அமிலம் மேலேறியிருக்கிறதாம். மாத்திரை தந்து, மென்று சாப்பிடவும் தலையை உயர்த்திப் படுக்கவும் சொன்னார்கள்.

"இன்னா, வாயுதானே? அதுக்கு ஜீப்பு வேற!" என்று சாந்தம்மாள் சிரித்தார்.

இங்கே தலையணை ஒன்றுதான் இருக்கிறது. அப்பாவுடையதைக் கொடுத்தனுப்புங்கள். மணி அடித்துவிட்டது.

கலைவாணி

புதன்: கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்று காலை சாப்பிட்டதும் சாந்தம்மாளின் கணவர் பஞ்சாட்சரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஜீப் தெருவிலேயே நின்றிருக்கிறது. "டீச்சருக்கே வாயுன்னுதானே சொன்னாங்க" என்று குப்புறப் படுக்கவைத்துத் தட்டியிருக்கிறார்கள். நான் வகுப்பில் இருந்தேன். பதினோரு மணிக்குத்தான் எனக்குச் சொல்லியனுப்பினார்கள். அதற்குள் அவர் இறந்துவிட்டார்.