சொடக்கு டாக்டர் வராத சனிக்கிழமை

அம்பத்தூர்,
9.6.2025

அக்கா,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் பிறகு. நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதால் அஞ்சல்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது. "போயும் போயும் சொடக்கு எடுக்கிறவன்கிட்ட கழுத்தக் குடுக்கிறியே, உனக்குப் புத்தி கீதா?" என்று போனில் கத்தியது தப்புதான். கேள்வி தப்பில்லை.

அந்த ஆவடி கைரோபிராக்டரின் போர்டை நானே போய்ப் பார்த்தேன். முதுகுவலி, மூட்டுவலியோடு நிற்கவில்லை. தலைவலி, தூக்கமின்மை, செரிமானம், படபடப்பு என்று நீள்கிறது. முதுகெலும்பில் சொடக்கு எடுத்தால் வயிறு சரியாகுமா? நான் பிரஷர் கேஜ் சரிபார்க்கிறவன். ஒரே ஸ்பேனரை வைத்துக்கொண்டு எல்லா மெஷினையும் சரிசெய்வேன் என்று ஒருவன் வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவோம். முதுகு என்றாலும் போகட்டும். கழுத்தை வெடுக்கென்று திருப்பி ரத்தக்குழாய் கிழிந்து, பக்கவாதம் வந்தவர்கள் அபூர்வமாக இருக்கிறார்கள். அப்பாவைக் கட்டிலில் பார்த்த பிறகும் உனக்குப் பயமில்லையா?

ஜெர்வின்


பட்டாபிராம்,
13.6.2025

அன்புத் தம்பி ஜெர்வினுக்கு அக்கா எழுதுவது. இயேசுவுக்குப் புகழ்.

அப்பா சுகம். படுத்தபடியே இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. பேச்சு வரவில்லை, கோபம் மட்டும் வருகிறது. உன்னைப் போலத்தான்.

கழுத்தை அவர் தொடுவதில்லை. வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். தோளும் முதுகும்தான். அப்பாவைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டவை. தலைவலிக்கு ஆஸ்பத்திரியிலும் காட்டினேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை, நன்றாக ஓய்வெடுங்கள் என்றார்கள். சிரித்துவிட்டு வந்தேன். இவரிடம் தலைவலி போகுமா என்று கேட்டதற்கு, "சிலருக்குக் கொறையுதும்மா, உறுதியா சொல்ல மாட்டேன்" என்றார். எனக்குக் குறைகிறது. செவ்வாயும் சனியும் போகிறேன். அந்த இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா அப்பாவோடு இருக்கிறார்.

அம்பத்தூரிலிருந்து இங்கே அரை மணி ரயில். நீ அஞ்சல்தலை ஒட்டுகிறாய்.

ஹெலினா


அம்பத்தூர்,
16.6.2025

அக்கா,

குறைகிறது என்றால் எவ்வளவு? இத்துடன் ஒரு நோட்டு. கோடு போட்டிருக்கிறேன். தினமும் தேதி, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், சொடக்கு உண்டா இல்லையா. கடைசிக் கட்டத்தில் அன்று வேறு என்ன நடந்தது. நாலு வாரம். கூட்டிக் குறைத்து எழுதாதே. அந்த ஆளின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

கம்பெனியில் ஆடிட். இந்த மாதமும் வர முடியாது.

ஜெர்வின்


பட்டாபிராம்,
17.7.2025

அன்புத் தம்பிக்கு,

நோட்டை அனுப்பியிருக்கிறேன். ஒரு நாளும் விடவில்லை. ஜூலை ஐந்து, சனிக்கிழமை, டாக்டர் இல்லை, பூட்டியிருந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து மசாலாப் பொரி தின்றுவிட்டு வந்தேன். பொன்னியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, டாக்டரு இல்லன்றே, மூஞ்சி மட்டும் தெளிவா கீது?" அன்று வலி ஒன்றுதான். அப்படியே போட்டிருக்கிறேன். உன் கணக்கைக் கெடுக்குமா?

ஹெலினா


அம்பத்தூர்,
21.7.2025

அக்கா,

மூன்று முறை பார்த்தேன். சொடக்கு எடுத்த நாட்களில் வலி இரண்டு, மூன்று. மற்ற நாட்களில் ஆறு, ஏழு. அந்த ஆள் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு அந்தப் பூட்டிய சனிக்கிழமை வந்தது. சொடக்கே இல்லை, வலி ஒன்று.

கடைசிக் கட்டத்தை அப்புறம்தான் படித்தேன். ஏழு போட்ட நாட்களில் எல்லாம் "படுக்கை மாற்றினேன், தனியாக" என்று எழுதியிருக்கிறாய். ஒரு ஞாயிற்றுக்கிழமையில், "ஜெர்வின் வருவானோ என்று மீன் வாங்கினேன்." அன்று எட்டு.

அவரைப் பிடிக்கப் போட்ட நோட்டில் நான் மாட்டியிருக்கிறேன் போல.

ஆனாலும் ஒரு சனிக்கிழமையை வைத்து முடிவு சொல்ல முடியாது. இன்னும் ரீடிங் வேண்டும். வார விடுமுறையை வியாழனுக்கு மாற்றிக்கொண்டேன். 31ஆம் தேதி பத்து மணிக்கு வந்துவிடுவேன். அப்பாவோடு நான் இருக்கிறேன், நீ எங்கேயாவது போ. கைரோபிராக்டரிடம் மட்டும் போகாதே, இரண்டையும் கலந்தால் ஒன்றும் தெரியாது. இது சோதனைக்காகத்தான். வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

ஜெர்வின்


பட்டாபிராம்,
1.8.2025

அன்புத் தம்பி ஜெர்வினுக்கு,

நேற்றைய பக்கத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். வியாழன். சொடக்கு இல்லை. ஏரியை முழுசாகச் சுற்றி நடந்தேன். வலி ஐந்து.

ஆமாம், ஐந்து. கூட்டிக் குறைக்காதே என்றாயே. உன்னிடம் அப்பாவை விட்டுவிட்டு வந்த பயத்திலேயே நடந்தேன். பயந்தது சரிதான். நீ ரயிலுக்கு ஓடிய பிறகு பார்த்தால், டயபரை முன்பின்னாகக் கட்டியிருக்கிறாய். கேஜ் சரிபார்க்கிறவனாம்! பொன்னியம்மாவுக்கு, "நல்லா படிச்ச புள்ளதாம்மா உன் தம்பி" என்று சிரித்து மாளவில்லை. அப்பாவும் சிரித்தார், ஒரு பக்கத்து வாயால்.

ஆக, உன் கணக்கு தவறாக இருக்கலாம். டாக்டரின் கையிலும் ஏதாவது இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ஒரு ரீடிங் போதாது என்று நீதானே சொன்னாய்?

அடுத்த வியாழன் மீன் வாங்கி வைக்கிறேன். உன் நம்பரை விடுவித்துவிட்டேன். ஆனால் போன் பண்ணாதே. வா.

உன் அக்கா,
ஹெலினா