மூன்று மெழுகுவர்த்தி

ஜூலை 8, செவ்வாய்

தலைமையாசிரியை கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். "ஏழாம் வகுப்புல எப்பப் பாத்தாலும் ஒரே சத்தம். வியாழக்கிழமை நானே வந்து பாக்கறேன். சரியில்லன்னா திங்கள்லேர்ந்து சோதனைச் சாமானையெல்லாம் கட்டி வெச்சுட்டு, புக்கை வாசிச்சு எழுத வைங்க."

விளையாடுகிறார்களாம்! கையால் தொடாமல் பிள்ளைகளுக்கு எது விளங்கும்?

ஜூலை 9

வீட்டுக்காரர் சிரிக்கிறார். "நாளைக்கு ஒருநாளாவது நல்லபிள்ளையா பாடத்த நடத்திட்டு வாயேன்."

என்னால் முடியுமா? பார்ப்போம்.

ஜூலை 10, வியாழன்

இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி. கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்கிறது புத்தகம். நானும் அதைத்தான் சொன்னேன். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அப்போதுதான் வாயாடி எழுந்தாள். (வகுப்பே வைத்த பெயர்.) "டீச்சர், மூணு மெழுகுவர்த்தி வெச்சுப் பாக்கட்டுமா?"

'உட்காரு' என்று வாய்வரை வந்தது. "வெச்சுப் பாரு" என்றேன்.

தண்ணீர் இன்னும் மேலே ஏறியது!

"அதே ஜாடிதானே டீச்சர்? ஆக்சிஜன் மட்டும் எப்படிக் கூடும்?"

"தெரியலம்மா" என்றேன், தலைமையாசிரியை காதுபடவே.

பிறகு யார் என்னைக் கேட்டார்கள்? திரும்பத் திரும்பக் கவிழ்த்தார்கள். ஒருத்தி தரையில் குப்புறப் படுத்துப் பார்த்துக் கத்தினாள்: "கவுக்கறப்ப ஓரத்துல குமிழி வருதுடீ!"

வாயாடி துள்ளினாள். "சூட்டுல காத்து அப்பவே வெளிய ஓடிருது! ஆறினதும் மிச்சம் சுருங்குது. அதான் தண்ணி ஏறுது டீச்சர். புக்குல தப்பு!"

எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வருடமாக அந்தக் குமிழி என் கண்ணெதிரே வந்துகொண்டுதானே இருந்தது? பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள்! கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

தலைமையாசிரியை எழுந்து போய்விட்டார்.

ஜூலை 11

அவரிடமிருந்து மூச்சே இல்லை. சாமான்களைப் பெட்டியில் கட்டிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

வேறு வழியில்லாமல் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பத்தி வாசித்திருப்பேன், வாசலில் தலைமையாசிரியை. புடவை முந்தானை நனைந்திருந்தது, விரல்களில் மெழுகு.

"டீச்சர், அந்த வாயாடியக் கொஞ்சம் அனுப்புங்க. காலைலேர்ந்து பாக்கறேன், எனக்குத் தண்ணியே ஏற மாட்டேங்குது."