பேட்டரி இல்லாத பெட்டி சொன்ன சாட்சி

என் தங்கச்சி பெற்ற சிங்கமே, செல்வராசு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன். இப்போது எழுதுவது அழுகை இல்லை, பழி.

பாடாலூர்ப் பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷரில் அன்று மதியம் ஓடுகிற மெஷினில் ஏறி கிரீஸ் வைக்கச் சொன்னவன் அந்த மேனேஜர். உன் துண்டு பெல்ட்டில் சிக்கியது. விசாரணையில் அவன் என்ன சொன்னான் தெரியுமா? ஒரு மணிக்கே மெஷினை நிறுத்திவிட்டார்களாம். ஒன்றே காலுக்கு நீ குடித்துவிட்டுத் தானாக ஏறி, வழுக்கி விழுந்தாயாம். பீடிகூடத் தொடாத பிள்ளை நீ. அந்தப் பேச்சு ஊருக்குள் வந்ததிலிருந்து உன் அம்மா வெளியில் தலை காட்டவில்லை.

அப்போதுதான் பேரிங் மேல் நீ ஒட்டிவைத்த சின்னப் பெட்டி எனக்கு ஞாபகம் வந்தது. மெஷின் அதிர்ந்தால் உள்ளே தகடு வளையும், வளைந்தால் கரண்ட் வரும், அந்தக் கரண்டில் பேரிங் எவ்வளவு சூடு என்று நிமிஷத்துக்கு ஒருமுறை நம் இரண்டு பேர் போனுக்கும் மெசேஜ் வந்து சேரும். தகடு சரியாக ஆடாமல் நீ ஒரு வாரம் தவித்தபோது, நுனியில் ஒரு நட்டை ஒட்டச் சொன்னது யார்? எட்டாவது ஃபெயிலான இந்த மாமன்தான். போன வாரம் தா.பழூரில் ஒரு கல்யாணத்தில் முழுப் பெட்டியையும் நானே செய்ததாகச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

பெரம்பலூரில் விசாரணை ஆபீசர் முன்னால் போனை நீட்டினேன். ஒரு மணிக்குப் பிறகும் பதினைந்து மெசேஜ். மேனேஜர் சிரித்தான். பெட்டியை முன்பே பிரித்துப் பார்த்துவிட்டு, பழையபடி மூடி வைத்திருக்கிறான்.

"அதுல பேட்டரியே கெடையாது சார். செத்த பெட்டி எப்படி மெசேஜ் அனுப்பும்?"

"அதத்தான் சார் நானும் சொல்றேன். மெஷின் ஆடுனாத்தான் அதுக்குச் சோறு. நின்னுட்டா பட்டினி."

ஆபீசர் கிரஷருக்கே வந்தார். ஓட்டச் சொன்னார், என் போன் கத்தியது. நிறுத்தச் சொன்னார், கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மேனேஜர் முகத்தில் அப்போது ஈயாடவில்லை, மாப்ளே.

எனக்கு அது போதவில்லை. உனக்குப் போதுமா?

கேஸ் எத்தனை வருஷம் இழுத்தாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவன் கண்ணுக்கு நேராக உட்காருவேன். தீர்ப்பு வரட்டும், வராமலே போகட்டும். அவன் நம் வாசலில் நின்று, தெரு கேட்க, "ஒங்க புள்ள குடிக்கல, நான்தான் ஏத்திவுட்டேன்" என்று உன் அம்மாவிடம் சொல்லும்வரை அவனை நிம்மதியாகச் சோறு தின்ன விடமாட்டேன்.

உனக்குக் காது குத்த மடி கொடுத்த தாய்மாமன்,
கலியபெருமாள்